கலங்கலா வருது

என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். வெண்ணாற்றில் ஒரு துண்டு அவர் பொறுப்பு. ஷட்டர் ஏற்றி இறக்குவார், தண்ணீர் மட்டம் பார்த்து நோட்டில் குறிப்பார், அடைமழைக் காலத்தில் டார்ச்சும் கம்புமாகக் கரைமேல் நடப்பார். 2005 நவம்பரில் டெல்டா முழுக்கத் தண்ணீர். எனக்கு அப்போது 12 வயது. ஒரு சாயங்காலம் கரையிலிருந்து வேகமாக வந்தவர், வீட்டுக்குள் நுழையாமல் நேரே கடைத்தெருவுக்கு நடந்தார். குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். மளிகைக்கடை வாசலில் ஒரு ரூபாய் போட்டுப் பேசும் போன். எதிர்முனையில் செக்ஷன் ஆபீசர். அப்பா பேசியது மொத்தம் அரை நிமிஷம் இருக்கும்.

“சார், நாலாவது மைல் கல்லுக்குக் கிழக்கால, வயல் பக்கம் கரையடியில ஒரு ஊத்து விட்டிருக்கு. காலையில தெளிவா வந்துச்சு. இப்ப கலங்கலா வருது.”

போனை வைத்துவிட்டு மறுபடி கரைக்கே போனார். கொஞ்ச நேரத்தில் டிராக்டரில் மணல் மூட்டை வந்து இறங்கியது. ஊற்றை யாரும் அடைக்கவில்லை. அதைச் சுற்றிக் கிணற்றுச் சுவர் மாதிரி மூட்டைகளை வட்டமாக அடுக்கினார்கள். வட்டத்துக்குள் தண்ணீர் இடுப்பளவு ஏறியதும் ஊற்றின் வேகம் தணிந்தது, கலங்கல் மெல்லத் தெளிந்தது. கரை நின்றது.

அன்றைக்கு நடந்தது என்னவென்று எனக்கு விளங்கியது பல வருஷம் கழித்து, மண் இயக்கவியல் வகுப்பில். ஆறு நிரம்பி ஓடும்போது எந்த மண்கரையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிவாக வந்தால் வருவது வெறும் தண்ணீர். கலங்கி வந்தால் கரையின் மண்ணே உள்ளிருந்து கரைந்து வெளியே வருகிறது என்று அர்த்தம். துளை உள்நோக்கி வளர்ந்து ஆற்றைத் தொட்டுவிட்டால் கரை உடையும். ஊற்றை அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் இன்னோர் இடத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். சுற்றிக் கட்டினால், உள்ளே ஏறும் தண்ணீரின் எடையே ஊற்றை எதிர்த்து அழுத்தும். அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் எந்த வார்த்தையைச் சொன்னால் டிராக்டர் கிளம்பும் என்று தெரியும். “கசியுது” என்று சொல்லியிருந்தால், அன்றைக்கு அந்த ஆற்றில் எத்தனையோ இடத்தில் கசிந்துகொண்டிருந்தது.

நான் இப்போது இங்கிலாந்தில் சிவில் இன்ஜினியர். ரயில் பாதைகளைத் தாங்கும் மண்கரைகளைக் கவனிக்கும் குழுவில் வேலை. 2023 வசந்தத்தில், வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷம், ஒரு போட்டியில் பேசப் போனேன். இன்ஸ்டிடியூஷன் ஆஃப் சிவில் இன்ஜினியர்ஸ் நடத்தும் எமர்ஜிங் இன்ஜினியர்ஸ் விருது. மாணவர்களுக்கும் தொழிலில் புதிதாக நுழைந்தவர்களுக்கும் உரியது. வேலையிலோ படிப்பிலோ கண்ட ஒரு சிக்கலையும், அதற்குத் தனக்குத் தோன்றிய வழியையும் முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு நடுவர்கள் முன்னால் நின்று பேச வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலில் வட்டார அளவில், அங்கே ஜெயித்தால் அடுத்து தேசிய அளவில்.

பாலம் கட்டுகிறவளுக்குப் பேச்சுப் போட்டி எதற்கு என்று ஊரில் ஒரு மாமா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் இருக்கும் பதில்தான் இந்தக் கட்டுரை.

போட்டியை நடத்தும் அந்த அமைப்பே பேச்சில் பிறந்ததுதான். 1818 ஜனவரி 2ஆம் தேதி, லண்டன் ஃப்ளீட் தெருவில் கெண்டல் காபி ஹவுஸ் என்ற கடையில் இளைஞர்கள் சிலர் கூடினார்கள். கூட்டியவர் ஹென்றி ராபின்சன் பால்மர், இருபதுகளில் இருந்தவர். ராணுவப் பொறியாளர்களுக்குப் பயிற்சி உண்டு, மரியாதை உண்டு. சாலை, கால்வாய், துறைமுகம் கட்டுகிறவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. அவரவர் முதலாளியிடம் பார்த்துக் கற்றதுதான். ஆகவே நாம் கூடுவோம், ஒருவர் தெரிந்ததை எடுத்துச் சொல்லட்டும், மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும், அப்படி ஒருவருக்கொருவர் வாத்தியாராக இருப்போம் என்பதுதான் அவர்கள் யோசனை. இரண்டு வருஷம் கழித்து, 1820இல், அன்றைய பெரும் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டைத் தலைவராக வரச் சொன்னார்கள். வந்தார். 1828இல் அரசப் பட்டயம் கிடைத்தது. ஆக, பெரியவர்கள் கட்டிய மண்டபத்தில் இளையவர்களுக்கு ஒரு மூலை ஒதுக்கிய கதை அல்ல இது. இளையவர்கள் போட்ட பெஞ்சில் பெரியவர்கள் வந்து உட்கார்ந்த கதை.

பால்மரின் பெயர் நம் ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் கைவேலை நம் எல்லார் தலைக்கு மேலும் இருந்திருக்கிறது. மாட்டுக் கொட்டகைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் டீக்கடைக்கும் போடும் நெளி தகரம் அவர் கண்டுபிடித்தது. 1829இல் காப்புரிமை வாங்கினார். இரும்புத் தகட்டை வரிவரியாக நெளித்தால் அதே தகடு பல மடங்கு விறைப்பாகிவிடும் என்று கண்டவர் அவர். ஒரு காகிதத்தை நீட்டிப் பிடித்தால் தொங்கும். அதையே விசிறி மடிப்பாக மடித்தால் பேனாவைத் தாங்கும். அவ்வளவுதான் விஷயம்.

என்னுடைய முதல் மேடை அனுபவம் வேறு மாதிரி. தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படித்த யாருக்கும் சிம்போசியம் தெரிந்திருக்கும். கல்லூரிக்குக் கல்லூரி வருஷா வருஷம் நடக்கும், அதில் பேப்பர் பிரசன்டேஷன் கட்டாயம் உண்டு. மூன்றாம் வருஷம் நானும் தோழியும் ஒரு கல்லூரிக்குப் போனோம். தலைப்பு, தானே விரிசலை மூடிக்கொள்ளும் கான்கிரீட். பாக்டீரியா கலந்த கான்கிரீட்டை நாங்கள் இருவருமே கண்ணால் பார்த்ததில்லை. இணையத்தில் கிடைத்ததை எடுத்து ஸ்லைடில் ஒட்டினோம், ஸ்லைடில் இருந்ததை அப்படியே வாசித்தோம். ஒரு கேள்வி வந்தது. நாங்கள் வாய் திறப்பதற்குள் நேரம் முடிந்ததென்று மணி அடித்தார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள், மதியம் சாம்பார் சாதம் கொடுத்தார்கள், பஸ் ஏறினோம். அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தம்தான். அந்த வருஷம்தான் என் கல்லூரி விடுதியில் கைகழுவும் இடத்தின் தரை ஒரு பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. தினமும் பார்த்தேன். ஏன் இறங்குகிறது என்று தோண்டிப் பார்த்து அதைப் பேசியிருந்தால் அது என் பேப்பர். அப்படிப் பேசலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை, தோன்றும்படி யாரும் சொல்லவும் இல்லை.

இங்கே எனக்கு வழிகாட்டியாக அமைந்தவர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்த ஒரு அம்மையார். போட்டிக்கு எழுதப் போகிறேன் என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்: “நீ கையால் தொட்டது எது?”

நான் தொட்டது களிமண். தென்கிழக்கு இங்கிலாந்தின் ரயில் கரைகள் பெரும்பாலும் விக்டோரியா ராணி காலத்தவை. லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் இடையிலான பாதையை ராபர்ட் ஸ்டீபன்சன் 1838இல் முடித்தார். அந்தக் காலத்தில் ஓரிடத்தில் வெட்டிய மண்ணை வண்டியில் கொண்டுவந்து இன்னோரிடத்தில் கொட்டுவார்கள், கரை ஆகிவிடும். அடுக்கடுக்காகப் போட்டு, எவ்வளவு ஈரத்தில் இடித்தால் மண் நன்றாக இறுகும் என்ற கணக்கை அமெரிக்காவில் ப்ராக்டர் சொன்னது 1933இல்தான். ஆகவே அந்தக் கரைகளுக்குள் கட்டி கட்டியாகக் களிமண், இடையிடையே பொந்து. மேலே இன்றைக்கும் ரயில் ஓடுகிறது.

இந்தக் களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நம் டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், வெடிப்புக்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்திருக்கிறேன். இங்கே வெயில் போதாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2022 ஜூலை 19ஆம் தேதி லிங்கன்ஷயரில் கோனிங்ஸ்பி என்ற ஊரில் 40.3 டிகிரி பதிவானது. இந்த நாட்டில் அதுவரை 40 டிகிரி கண்டதில்லை. அந்தக் கோடையில் எங்கள் கரைகள் வெடித்தன. வெயில் போதாதென்று, கரைச் சரிவில் வளர்ந்து நிற்கும் ஓக் மரங்கள் வேர் வழியே மிச்ச ஈரத்தையும் உறிஞ்சின. மரம் நிற்கும் இடத்தில் கரை அதிகமாக அமுங்கும், இல்லாத இடத்தில் குறைவாக. தண்டவாளம் அலை அலையாகும். ரயிலை மெதுவாக விடச் சொல்வார்கள். ராத்திரியில் ஒரு நீளமான இயந்திரம் வந்து தண்டவாளத்தைத் தூக்கி, அடியில் ஜல்லியை இடித்து இறுக்கி, மட்டப்படுத்திவிட்டுப் போகும். மழை வந்ததும் களிமண் மறுபடி உப்பும். மறுபடி அதே வேலை. 2025 ஆகஸ்டில், களிமண் கரைகள் காய்ந்து போனதால், லண்டன் வாட்டர்லூவிலிருந்து எக்ஸிட்டர் போகும் தடத்தில் ரயில்களையே குறைத்துவிட்டார்கள்.

மரத்தை வெட்டிவிட்டால் போயிற்று என்று தோன்றும். வெட்டினால் குளிர்காலத்தில் ஈரத்தை உறிஞ்ச ஆளில்லாமல் கரை ஊறி, சரிவு அப்படியே வழுக்கி இறங்கும். மரம் இருந்தால் கோடையில் தொல்லை, இல்லாவிட்டால் மழையில் ஆபத்து. ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஏற்கெனவே வழி சொல்லியிருக்கிறார்கள்: தண்டவாளத்துக்கு நெருக்கமாக, சரிவின் மேல்பாகத்தில் நிற்கும் மரங்களை எடு, அடிப்பாகத்து மரங்களை விடு. கீழே நிற்பவை கரையின் காலைப் பிடித்துக்கொள்ளும். என் யோசனை அதைவிடச் சின்னது. எல்லா மரத்தையும் ஒரே வருஷத்தில் எடுக்கப் பணமும் கிடையாது, எடுப்பது நல்லதும் அல்ல. எதை முதலில்? இரண்டு மைல் நீளத்துக்கு ஒவ்வொரு மரமாக வரைபடத்தில் குறித்தேன். ஜல்லி இறுக்கும் இயந்திரம் எந்த எந்த இடத்துக்கு எத்தனை முறை வந்தது என்ற பதிவேட்டை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். எந்த மரம் திரும்பத் திரும்ப ஆளைக் கூப்பிடுகிறதோ அது முதலில்.

ஸ்லைடுகளை அம்மையாரிடம் காட்டினேன். ஈரப்பதம், சுருக்கக் குறியீடு, வண்ண வண்ண வரைபடம் எல்லாம் இருந்தது. பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார், இதை ராத்திரி ஷிப்டில் அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவரிடம் காட்டிவிட்டு வா என்றார். போனேன். அவர் இரண்டு ஸ்லைடு தாண்டவில்லை. ஒரு புள்ளியில் விரலை வைத்து, “இந்த ஓக் மரமா? ஒவ்வொரு செப்டம்பரும் இதன் அடியில்தான் நான் டீ குடிக்கிறேன்” என்றார்.

மொத்தப் பேச்சையும் அழித்துவிட்டு, அந்த மரத்தடி டீயிலிருந்து ஆரம்பித்தேன்.

தொழிலில் சின்னவர்கள் கண்டது பெரியவர்கள் காதில் ஏறுமா ஏறாதா என்பது சில நேரம் உயிர்ப் பிரச்சினை. கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின்மேல் கியூபெக் பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது, தளத்தில் மேற்பார்வைக்கு இருந்தவர் நார்மன் மெக்லூர், படிப்பு முடித்துச் சில வருஷமே ஆனவர். ஆலோசகர் தியோடர் கூப்பர், புகழின் உச்சியில் இருந்தவர், உடல்நலம் காரணமாக நியூயார்க்கை விட்டு அசையாதவர். 1907 ஆகஸ்டில் பாலத்தின் அடிப்பக்கத்து எஃகு உறுப்புகள் வளைந்திருப்பதை மெக்லூர் பார்த்தார், எழுதினார். பதிலுக்குப் பதில் கடிதம் போனது. எப்போது வளைந்தது, பட்டறையிலேயே வளைந்ததா, தூக்கும்போது எங்காவது இடித்ததா என்பதிலேயே நாள் ஓடியது. ஓர் உறுப்பில் வளைவு ¾ அங்குலமாக இருந்தது, அடுத்து அளந்தபோது 2¼ அங்குலம். என்னைப் பொறுத்தவரை விஷயம் அங்கேதான் இருக்கிறது. வளைந்திருக்கிறது என்பது ஒரு செய்தி. வளைந்துகொண்டே இருக்கிறது என்பது வேறு செய்தி. மெக்லூர் ரயிலேறி நேரில் போய்ச் சொன்ன பிறகு கூப்பருக்கு உறைத்தது. மேலும் எடை ஏற்றாதீர்கள் என்று தந்தி கொடுத்தார். தந்தி போனது பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்த கம்பெனியின் பென்சில்வேனியா அலுவலகத்துக்கு, பாலத்துக்கு அல்ல. அன்றைக்கே, ஆகஸ்ட் 29ஆம் தேதி சாயங்காலம், வேலை முடியும் நேரத்தில் பாலம் ஆற்றில் விழுந்தது. மேலே இருந்த 86 பேரில் 75 பேர் போனார்கள். அவர்களில் 33 பேர் கானவாக்கே என்ற ஒரே ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடி ஆட்கள்.

மெக்லூரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பார்த்தார், அளந்தார், எழுதினார், கடைசியில் ஓடியும் போனார். ஆனால் அந்த இரண்டு அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது நிற்கவில்லை, கூடிக்கொண்டே போகிறது, ஆட்களை இறக்குங்கள் என்று உரக்கச் சொல்லும் பழக்கத்தை அந்த வயதில் அவருக்கு யாராவது கொடுத்திருக்கிறார்களா? இந்தப் போட்டியை நான் மதிப்பது அதற்காகத்தான்.

போட்டி நாளன்று ஒரு சாப்பாட்டு டப்பாவில் மண் கொண்டுபோனேன். பரிசோதனைக் கூடத்தில் 140 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு பித்தளை அச்சு இருக்கும், நீளவாக்கில் பாதியாகப் பிளந்த குழாய் மாதிரி. ஈரக் களிமண்ணை அதில் வழித்து நிரப்பிக் காய வைப்பார்கள். காய்ந்ததும் மண் எவ்வளவு குட்டையாகிறது என்று அளப்பார்கள். என் கரை மண் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. அச்சை நடுவர்கள் மேசையில் வைத்து, ஓரத்தில் விழுந்த இடைவெளியில் என் விரலை வைத்துக் காட்டினேன். இந்த இடைவெளிதான் தண்டவாளத்துக்கு அடியில் இருக்கிறது என்றேன். பேசியது கால் மணி நேரம். குரல் முதல் இரண்டு நிமிஷம் நடுங்கியது, பிறகு சரியாகிவிட்டது. என் ஆங்கிலம் மன்னார்குடி ஆங்கிலம்தான். யாருக்கும் அது தடையாக இருக்கவில்லை. தமிழ்வழியில் படித்துவிட்டு, தெரிந்ததைச் சொல்லத் தயங்கி நிற்கும் தம்பி தங்கைகளுக்காக இதைக் குறித்துச் சொல்கிறேன்.

பேச்சைவிடக் கேள்விதான் எடை. ஒரு நடுவர் கேட்டார்: முதலில் மரத்தை எடுக்கச் சொல்லும் இந்த மூன்று இடங்களிலும் மரம்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? வடிகால் அடைத்துக்கொண்டிருந்தாலும் இப்படி ஆகுமே? இரண்டு இடத்தில் துளையிட்டு மண் எடுத்துப் பார்த்திருக்கிறோம், மூன்றாவதில் பார்க்கவில்லை, அங்கே எனக்குத் தெரியாது என்றேன். அவர் தலையாட்டி எதையோ எழுதிக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் லண்டனில் அந்த அமைப்பின் தலைமையகத்துக்கு, கிரேட் ஜார்ஜ் தெருவில் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டடத்துக்குப் போனேன். அங்கே நூலகம் உண்டு. 1897ஆம் வருஷத் தொகுதியைத் தேடி எடுத்தேன். பெரியாற்றைக் கிழக்கே திருப்பியதைப் பற்றிக் கர்னல் பென்னிகுயிக் எழுதிய கட்டுரை அதில் இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறந்தது, தேனியிலும் மதுரையிலும் இன்றைக்கும் அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து மலைக்காட்டில் அணை கட்டியவரும் ஊர் திரும்பி, சக பொறியாளர்கள் முன் கணக்கு ஒப்புவித்திருக்கிறார். அந்தப் பழைய தொகுதிகளில் எனக்குப் பிடித்த விஷயம், கட்டுரையோடு நிறுத்த மாட்டார்கள். அதன்மேல் யார் என்ன கேட்டார்கள், ஆசிரியர் என்ன பதில் சொன்னார் என்பதையும் சேர்த்து அச்சிட்டிருப்பார்கள். சிலவற்றில் கட்டுரையைவிட விவாதம் நீளம். கெண்டல் காபி ஹவுஸில் அந்தப் பையன்கள் நினைத்தது இதைத்தான்.

வட்டாரப் போட்டியில் எனக்கு இரண்டாம் இடம். முதல் இடம் 19 வயது அப்ரண்டிஸ் ஒருவனுக்கு. கல்லூரிக்கே இன்னும் முழுசாகப் போகாதவன், தளத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறான். லாரியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டில் தினமும் எவ்வளவு மிச்சமாகித் திரும்பிப் போகிறது என்று மாதக்கணக்கில் வாளிக் கணக்குப் போட்டிருந்தான். அது சின்ன விஷயம் அல்ல: உலகம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் சிமென்ட் தயாரிப்பின் பங்கு சுமார் 8 சதவீதம். அந்த மிச்சக் கான்கிரீட்டில் தடுப்புக் கட்டைகள் வார்த்து அதே தளத்தில் பயன்படுத்தலாம் என்பது அவன் யோசனை. ஸ்லைடு நான்குதான். கூடவே அவன் வார்த்த கட்டையிலிருந்து ஒரு சில்லு. அவன் ஜெயித்தது எனக்கு முழுத் திருப்தி.

முடிவு தெரிந்த அன்று இரவு அப்பாவுக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். மரம், களிமண், கரையின் மேல்பாகம், அடிப்பாகம். பொறுமையாகக் கேட்டார். பரிசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“ஏம்மா, மேல நிக்கிற மரம் கெடுதல்ங்குற. அப்ப நம்ம ஏரிக்கரையில மேலாக்கத்தான பனை நிக்குது? தாத்தா காலத்துலேர்ந்து நிக்குது?”

பனைக்குச் சல்லிவேர், ஓக் மாதிரி பருத்துப் பரவாது, அதனால் வேறு மாதிரி இருக்கலாம் என்றேன். இருக்கலாமா, இருக்கா என்றார். தெரியாதுப்பா, யாராவது தோண்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

நாலு நாள் கழித்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. மண் எடுக்க வெட்டிய இடத்தில் கரை செங்குத்தாக நின்றது. பனையின் அடியிலிருந்து வேர்கள் கயிறு கயிறாக, ஒரே கனத்தில், நெருக்கமாக இறங்கியிருந்தன. அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் தன் கம்பைச் சாய்த்து வைத்திருந்தார். கூடவே குரல் பதிவு ஒன்று: “வேர் இருக்குற இடத்துல வெடிப்பு இல்ல. ரெண்டு முழம் தள்ளித்தான் வெடிப்பு ஆரம்பிக்குது. பாத்துக்க.”